கண்டுபிடித்தது யார்?

கேள்வி: எல்லோரும் புகழும் பிரெஞ்சு, இத்தாலி ஒயின்கள் அலுத்துவிட்டன. அதிகம் அறியப்படாத ஒயின்களையும் அவை விளையும் ஊர்களையும் நேரில் போய், ருசித்துக் கண்டுபிடிக்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ஆசை நியாயமானதுதான். ‘கண்டுபிடிக்க’ என்ற சொல்தான் இடிக்கிறது. எங்கள் பயணக் கட்டுரையாளர்களோடு எனக்குப் பல வருடத் தகராறே இந்தச் சொல்லால்தான். ஆயிரம் பேர் குடியிருக்கும் ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டு ‘கண்டுபிடித்தேன்’ என்று எழுதி அனுப்புவார்கள். நான் அதை அடித்துவிட்டு ‘போய்ச் சேர்ந்தேன்’ என்று போடுவேன். கோபித்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் இன்னொரு ஊரைக் கண்டுபிடிப்பார்கள்.

காகசஸ் மலைப்பக்கம் உள்ள ஜார்ஜியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைத்த பானைச் சில்லுகளில் திராட்சை ஒயினின் தடயம் இருப்பதாக 2017-ல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். சில்லுகளின் வயது சுமார் 8,000 ஆண்டு. இன்றும் க்வெவ்ரி என்ற முட்டை வடிவத் தாழியைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, பச்சைத் திராட்சையைத் தோலும் கொட்டையுமாகப் போட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வெள்ளை ஒயினாக வர வேண்டியது தேன் நிறத்தில், நாக்கைப் பிடிக்கிற துவர்ப்போடு வருகிறது. பெரிய தாழி என்றால் கழுவுவதற்கு ஆளே உள்ளே இறங்க வேண்டும். ‘அறியப்படாத ஒயின்’ என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். தாழிக்குள்ளிருந்து தலையை நீட்டி ‘யாருக்கு?’ என்பார்.

நிஜமான கண்டுபிடிப்பும் ஒன்று உண்டு. சிலி நாட்டில் ஒரு திராட்சையைப் பல தலைமுறைகளாக மெர்லோ ரகம் என்று நம்பிப் பயிரிட்டு, அந்தப் பெயரிலேயே விற்றுவந்தார்கள். 1994-ல் ழான்-மிஷெல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சு நிபுணர் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு, இது கார்மெனேர் என்றார். பிரான்ஸின் போர்தோ வட்டாரத்தில் 19-ம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சி தாக்கிய பிறகு ஏறக்குறைய அற்றுப்போன ரகம் அது. புட்டி புட்டியாகக் குடித்தவர்கள் அதைக் கொஞ்சம் வேறு மாதிரியான மெர்லோ என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொடியைக் குனிந்து பார்த்தவருக்குத்தான் பிடிபட்டது. ஆகவே போகிற இடத்தில் ருசி பார்க்கும் கூடத்தோடு திரும்பிவிடாதீர்கள், தோட்டத்திலும் நடங்கள். அப்புறம், கூடத்து மேஜையில் இருக்கும் ஜாடி, ருசி பார்த்த ஒயினைத் துப்புவதற்கு. கூச்சப்படாமல் துப்புங்கள். இல்லாவிட்டால் நாலாவது ஊரின் பெயர் ஞாபகம் இருக்காது.

சரி, எங்கே தொடங்குவது? என் ஓட்டு ஜூராவுக்கு. பிரெஞ்சு ஒயின் அலுத்தது என்கிறீர்கள், ஆனால் பிரான்ஸின் இந்தக் கிழக்கு ஓரம் அலுத்திருக்காது. சவான்யான் என்ற திராட்சையில் அங்கே ‘மஞ்சள் ஒயின்’ செய்கிறார்கள். பீப்பாயில் ஒயின் வற்ற வற்ற ஊற்றி நிரப்புவதுதான் மற்ற இடங்களில் வழக்கம். இவர்கள் நிரப்ப மாட்டார்கள். மேலே ஈஸ்ட், ஆறிய பாலில் ஏடு படிகிற மாதிரி படரும். கடைக்கு வர ஆறு வருடம் மூன்று மாதம் ஆகும். ஊற்றிய ஒரு லிட்டரில் கடைசியில் மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்பது அவர்கள் கணக்கு. புட்டியும் சரியாக அந்த அளவுதான்.

இதே முறையில் எழுதுகிற ஒரு நாவலாசிரியரை எனக்குத் தெரியும். நமக்குத் தொடர்கதை தருவதாக வாக்குக் கொடுத்தார். இடையில் யாரும் கிட்டே வரக்கூடாது, திறந்து பார்க்கக்கூடாது என்றார். வருடங்கள் போயின. ஏடு படர்கிறது என்று நானும் மரியாதையாக ஒதுங்கியிருந்தேன். ஆறு வருடம் கழித்து 62 பக்கம் வந்தது. மீதி எங்கே என்றால், ‘சுண்டிவிட்டது சார், அதுதான் சாரம்’ என்கிறார். மஞ்சள் ஒயினிலாவது அக்ரூட் வாசனை வரும். முன்பணத்தை மட்டும் மனுஷர் முழு லிட்டருக்கு வாங்கியிருந்தார்.