மூக்கில் வந்த ரத்தத்தை ஏன் சாவகாசமாக எழுதுகிறீர்கள்?

கேள்வி: எங்கள் ரோஸி (லேப்ரடார், 4 வயது) ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. உடம்பில் உண்ணி, மலத்தில் அரிசி மாதிரி ஏதோ நெளிகிறது, மூக்கு காய்ந்திருக்கிறது, புல் தின்கிறாள். முந்தாநாள் மூக்கில் கொஞ்சம் ரத்தம் வந்து தானாக நின்றுவிட்டது. குழந்தைக்கான காய்ச்சல் சிரப்பும் பப்பாளி இலைச் சாறும் கொடுக்கிறேன். தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு. வீட்டில் 2 வயதுப் பையன் இருக்கிறான், தொற்றிவிடும், நாயைக் கொடுத்துவிடு என்கிறார் மாமியார்.
- வாசகி, போரூர்

பதில்: ரோஸியை எங்கும் அனுப்ப வேண்டாம். இது உண்ணிக் காய்ச்சல் என்றுதான் சந்தேகப்படுகிறேன். அவள் நக்கினாலோ, பையன் அவளைக் கட்டிப்பிடித்தாலோ அது தொற்றாது. நோயைச் சுமப்பது உண்ணி. பையனை உண்ணி கடித்து, பிறகு காய்ச்சலும் வந்தால் அதை அவனுடைய டாக்டரிடம் சொல்லுங்கள், போதும்.

'தானாக நின்றுவிட்டது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குத் திக்கென்றது. உண்ணி மேய்கிற நாய்க்கு மூக்கில் ரத்தம் வந்தால், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் சரிந்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற பாக்டீரியா ரத்தத்தில் இறங்கி, ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் காய்ச்சலும் பசியின்மையுமாகத் தலைகாட்டும், தட்டணுக்களும் குறைய ஆரம்பிக்கும். சில நாய்கள் இடையில் தேறிவிட்ட மாதிரி இருந்து, மாதக்கணக்கில் கழித்து எலும்பு மஜ்ஜையே வற்றிப்போய் வருவதுண்டு, அப்போது எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

இப்போதே அவள் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு ரோஸ் நிறத்தில் இருக்கிறதா? விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறிலோ அடிவயிற்றிலோ ஊசியால் குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள் இருந்தாலும், ஈறு வெளிறியிருந்தாலும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலும் இன்று ராத்திரியே கிளம்புங்கள். எதுவும் இல்லையென்றால் நாளை காலை, அதற்கு மேல் தள்ள வேண்டாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே போகலாம், இல்லை பக்கத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கிற எந்த டாக்டரானாலும் சரி.

எர்லிக்கியாதான் என்றால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, பெரும்பாலும் 28 நாள், சாப்பாட்டோடு. இரண்டு மூன்று நாளில் வாலாட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் மரியாதையாகப் பேசுவதில்லை. இதைப் படித்துவிட்டு நேராக மருந்துக் கடைக்கும் போய்விடாதீர்கள், ஏனென்றால் அதே உண்ணி பரப்பும் பபீசியா சிவப்பணுக்களை உடைக்கிற வேறு கிருமி, அதற்கு மருந்தும் வேறு.

சிரப்பை இந்த நிமிஷமே நிறுத்துங்கள். பாரசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும் (பூனைக்கு ஒரு மாத்திரையே எமன்), இபுபுரூஃபன் கலந்ததென்றால் வயிற்றில் புண்ணாக்கி, இருக்கிற தட்டணுக்களையும் வேலை செய்ய விடாது. என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பாட்டிலோடு போய்க் காட்டுங்கள், மறைக்காதீர்கள். பப்பாளிச் சாறு வாட்ஸ்அப்பில் வந்ததுதானே? சாப்பிடாத நாயின் வாயைப் பிளந்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும், அதுதான் மிச்சம்.

அரிசி மாதிரி நெளிவது நாடாப்புழுவின் துண்டு, தெள்ளுப்பூச்சியால் வருவது. பிரசிகுவான்டல் என்ற புழு மருந்தைக் கொடுத்து, தெள்ளுப்பூச்சியையும் ஒழித்தால் போகும். பையன் தெள்ளுப்பூச்சியையே விழுங்கினால்தான் அவனுக்கு வரும். காய்ந்த மூக்கு, புல் இரண்டையும் மறந்துவிடுங்கள். நீங்கள் போட்ட தடுப்பூசிகள் ரேபிஸ், பார்வோ மாதிரியான நோய்களுக்கு, உண்ணிக் காய்ச்சலுக்கு நம்மிடம் தடுப்பூசி கிடையாது.

அப்புறம், உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நாய் மேல் தெரிகிறவை கொஞ்சம்தான். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் சுவர் விரிசலில், கட்டிலடியில், கதவு நிலைக்குப் பின்னால். ரோஸி படுக்கிற மூலையிலிருந்து தேட ஆரம்பியுங்கள், அவளுக்கு என்ன உண்ணி மருந்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை எடை பார்த்து டாக்டர் எழுதித் தருவார்.