மஞ்சள் சேலையில் சிவப்புத் திட்டு

கேள்வி: அம்மாவின் வெள்ளை நூல் சேலையை மஞ்சள் தூளில் அவித்துச் சாயம் போட்டேன். நிறம் நிற்கும் என்று அயலார் சொன்னதால் ஒரு பிடி உப்பும் போட்டேன். முதல் தோய்ப்பிலேயே சவர்க்காரம் பட்ட இடமெல்லாம் சிவந்துவிட்டது. கொடியில் வெயில் பட்ட பக்கம் வெளிறிவிட்டது. தம்பியின் சேட்டுக்குக் கடைப் பக்கற்றில் வந்த கறுப்புப் போட்டால் சாம்பலாய் வந்தது, தையல் நூல் வெள்ளையாகவே நிற்கிறது. எங்கே பிழை விட்டேன்?
- வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவந்த இடத்தில் பாதித் தேசிக்காயைத் தண்ணீரோடு பிழிந்து விடுங்கள். கண்ணெதிரே மஞ்சளாகத் திரும்பும். மஞ்சளுக்குக் காரம் பட்டால் சிவக்கும் குணம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துத்தானே குங்குமம் செய்தார்கள்? சவர்க்காரமும் காரம்தான். வெளிறிய பக்கத்துக்கு மட்டும் மருந்தில்லை, மஞ்சள் வெயில் தாங்காது. உப்பு அதைப் பிடித்து வைக்கும் என்பது வெறும் கதை.

என்னைக் கேட்டால் மஞ்சளை விட்டுவிட்டுப் பலாவுக்குப் போங்கள். பிக்குகளின் காவிக்கு முன்பு பலா மரத்தைத்தான் அவித்தார்கள். தச்சுப் பட்டறையில் கேட்டால் தூள் கிடைக்கும். வெறும் பலாத் தூளாக இருக்கட்டும், வேம்பும் தேக்கும் கலந்த தூளை வாங்கி வராதீர்கள்.

சேலை அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதலில் சலவைச் சோடா போட்டு அவித்துக் கஞ்சியை எடுங்கள். அப்போது சேலை முழுவதும் செக்கச்செவேலென்று ஆகும். பயப்படாமல் அலசுங்கள், பழைய மஞ்சளில் பெரும்பகுதி அதோடு போய்விடும். மருந்துச் சரக்குக் கடையில் கடுக்காய்த் தூள் 75 கிராம் வாங்கிச் சுடுதண்ணீரில் கரைத்து, சேலையை ஓர் இரவு ஊறவிடுங்கள். பிழிந்து காயவைத்து, சீனக்காரம் (படிகாரம்) 75 கிராம் கரைத்த தண்ணீரில் இன்னோர் இரவு. பருத்தி சீனக்காரத்தைத் தானாக இலேசில் பிடிக்காது, கடுக்காயின் துவர்ப்புத்தான் நடுவில் நின்று பிடித்துக் கொடுக்கும். இந்த இரண்டு இரவையும் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் சாயம் கிணற்றடியிலேயே ஓடிவிடும்.

பலாத் தூள் அரைக் கிலோவைத் துணியில் முடிந்து இரவு ஊறவைத்து, மறுநாள் ஒரு மணித்தியாலம் அவியுங்கள். முடிச்சை எடுத்துவிட்டுச் சேலையைப் போட்டு, கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் இன்னொரு மணித்தியாலம் பிரட்டிக்கொண்டே இருங்கள். அப்படியே ஆறட்டும். பாத்திரம் எவர்சில்வராக இருக்க வேண்டும், பிறகு அதில் சமைக்கவும் கூடாது. நான் ஒருமுறை இரும்புத் தாச்சியில் தலையணை உறையைப் போட்டு, பாசி பிடித்த கிணற்றுக் கட்டு மாதிரி ஒரு நிறம் எடுத்தேன். தண்ணீரையும் பாருங்கள். நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டியவை. பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் நல்லது. (சிவப்புக்கு அந்தச் சுண்ணாம்பு நல்லது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் சிவப்புச் சாயம் எடுக்கும் சாயவேர் கிண்டிய கதை தனிக் கதை.)

சரி, தம்பியின் சேட்டு. ஓரத்தில் ஒரு இழை உருவி நெருப்பில் காட்டுங்கள். கடதாசி மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கறுத்த மணியாய்த் திரண்டால் பொலியெஸ்ரர். உங்களுடையது இரண்டும் கலந்த துணியாகத்தான் இருக்க வேண்டும்: பருத்தி இழை கறுத்தது, மற்றது வெள்ளையாய் நின்றது, கலந்து பார்க்கச் சாம்பல். தையல் நூலும் பெரும்பாலும் பொலியெஸ்ரர்தான். அதற்கென்று தனிச் சாயம் உண்டு. கொதிநிலையிலேயே வைத்து அவிக்க வேண்டும், வீட்டுக் குசினியில் அந்த ஆவியோடு நிற்க நான் சொல்லமாட்டேன்.

அடுத்த முறை முழுப் பருத்திக்குப் போடுவதென்றால் ‘பற்றிக்’ (மெழுகு பூசிச் சாயம் போடும்) வேலைக்கு விற்கும் குளிர்தண்ணீர்ச் சாயம் கேளுங்கள். உப்புக்கு வேலை அங்கேதான்: சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளும். ஆனையிறவு உப்பே போதும். ஒட்டவைப்பது சலவைச் சோடா; அப்பச்சோடா அதற்குக் காணாது. தூளைக் கரைக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். தம்பி இந்தச் சேட்டைச் சாம்பலாகவே போடட்டும்.