டயர் கேள்வி–பதில்: கியாலாமியில் இறக்கிய காற்று

கேள்வி: ஐயா, நம் தென்னாப்பிரிக்க ஜூலைக் குளிரில் என் கோல்ஃப் ஜிடிஐ காரை ஜோஹானஸ்பர்க் பக்கத்துக் கியாலாமி பந்தய டிராக்கில் ஓட்டப் போனேன். வெள்ளி மதியம் டர்பன் வீட்டு வாசலிலேயே நான்கு டயருக்கும் 2.2 பார் காற்றழுத்தம் அடித்தேன். சனி காலை அங்கே கண்ணாடியெல்லாம் உறைபனி, கேஜில் 2.15. ஐந்து சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் 2.8! முன்பக்கம் வழுக்கியது. நான்கையும் 2.2-க்கு இறக்கினேன், பிடிப்பு வந்தது. ஞாயிறு அப்படியே டர்பன் திரும்பினேன். வழியெல்லாம் வண்டி மிதக்கிற மாதிரி இருந்தது. திங்கள் காலை அளந்தால் 1.6. கேஜ் கெட்டுவிட்டதா, டயர் கசிகிறதா?
— சாட்ஸ்வர்த் வாசகர்

பதில்: தம்பி, கேஜும் கெடவில்லை, டயரும் கசியவில்லை. நீங்கள் எழுதிய எண்களைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் கணக்குக்கு ஒத்து வருகின்றன. ஆனால் அந்த 1.6-ஐப் படித்ததும் எனக்கு நெஞ்சு பதறியது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கேஜ் காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். டர்பன் கடலோரம். கியாலாமி 1,500 மீட்டருக்கும் மேலே. அங்கே வெளிக்காற்று லேசு. அதனால் யாரும் காற்று அடிக்காமலே கேஜ் சுமார் 0.15 பார் கூடுதலாகக் காட்டும். குளிரோ எதிர்ப்பக்கம் இழுக்கும். 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய 0.1 பார் போய்விடும். வெள்ளி மதியத்துக்கும் சனி காலைக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் 0.2 குறைந்திருக்கும். உயரம் கொடுத்ததைக் குளிர் வாங்கிக்கொண்டது, மிச்சம் 2.15.

பிறகு பிரேக் சூடும் ரப்பர் உரசும் சூடும் சேர்ந்து உள்ளே இருக்கும் காற்றை 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோகின்றன. 2.8 வருவதில் ஆச்சரியமே இல்லை. டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் பரப்பு சுருங்கியது, அதனால்தான் வழுக்கியது.

கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. டிராக்கில் நாம் பிடிக்க வேண்டியது சூடான அளவு. உங்கள் வண்டிக்கு, சாதாரண ரோட் டயரில், முன்பக்கம் சூட்டில் 2.4 என்று வைத்துத் தொடங்குங்கள். 2.2 இந்த எடைக்குக் குறைவு, ஷோல்டர் (தரை தொடும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் ஓரம்) மடங்கும். சூட்டில் 2.4 வர, அந்தக் குளிர்ந்த காலையில் 1.85 அளவில் கிளம்பினால் போதும். ஆனால் முதல் இரண்டு சுற்று மெதுவாக, டயர் சூடேறும் வரை பொறுமை. மூன்று, நான்கு சுற்று ஓட்டிப் பிட்டுக்கு (டிராக்கோரம் வண்டி நிறுத்தும் இடத்துக்கு) வந்த உடனே அளக்க வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு வந்து அளந்தால் அந்த எண்ணால் பயனில்லை. நான்கு டயரும் ஒரே மாதிரி ஏறாது. திருப்பங்கள் எந்தப் பக்கம் அதிகமோ அதற்கு எதிர்ப்பக்க டயர்தான் அதிகம் சுமக்கும், அதிகம் சூடாகும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிசெய்து நோட்டில் எழுதுங்கள். சூடாக நிற்கும்போது ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

இப்போது அந்த 1.6. சூட்டில் இறக்கிய காற்று ஆறியபின் தானாகத் திரும்பி வராது. நீங்கள் கியாலாமியை விட்டுக் கிளம்பியபோதே 1.7-க்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். அதோடு என்3 நெடுஞ்சாலையில் 570 கிலோமீட்டர்! ‘கியாலாமி’ என்றால் ஜூலுவில் ‘என் வீடு’. நம் வீடு வான் ரீனன் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிறது, தம்பி. நானும் ஒரு காலத்தில் இதே தப்பைச் செய்தேன். மனைவியும் இரண்டு மகள்களும் வண்டியில். கணவாய் இறங்கும்போது ரப்பர் கருகிய வாசனை வந்தது, ஓரம் கட்டினேன். மறுநாள் என் கடையில் இடது முன் டயரைக் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது, ஒரு கைப்பிடி அளவு. பக்கச்சுவர் மடிந்து மடிந்து உள்பக்கம் அரைபட்டுப் போயிருந்தது. வெளியே பார்த்தால் ஒரு கீறல் கிடையாது. இன்னும் ஐம்பது கிலோமீட்டர் தாங்கியிருக்குமா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

அதனால் உங்கள் முன் டயர் இரண்டையும் இந்த வாரமே கழற்றி உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். தூளோ சுற்றிலும் கோடோ தெரிந்தால் அந்த டயர் வேண்டாம். அடுத்த முறை 12 வோல்ட் பம்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், டயர் ஆறியபின் கதவோர அளவுக்கு அடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் அழுத்தம் ஏறாதா?
— போர்ட் ஷெப்ஸ்டோன் வாசகர்

பதில்: ஏறும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வித்தியாசம் ஈரத்தில். நம் கடலோரக் காற்றின் ஈரப்பதம் உள்ளே போனால் சூட்டில் ஏற்றம் கொஞ்சம் தாறுமாறாகும். ஈரம் வடிகட்டிய கம்ப்ரஸர் காற்றே போதும்.

கேள்வி: பிரிட்டோரியா ஸ்வார்ட்காப்ஸ் டிராக்கில் ஒரே நாளில் என் போலோவின் முன் டயர் இரண்டும் வெளி ஓரம் தேய்ந்து மழுங்கிவிட்டன. நடுவில் புதுசு மாதிரி. இன்னும் காற்று அடி என்கிறார்கள். சரியா அண்ணா?
— லெனேசியா வாசகி

பதில்: பாதி சரி, தங்கச்சி. சோதித்துப் பாருங்கள். வெள்ளைச் சாக்பீஸால் டயரின் ஷோல்டரில், தரை தொடும் பகுதியிலிருந்து பக்கச்சுவர் வரை, மூன்று நான்கு இடத்தில் கோடு போடுங்கள். மூன்று சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். பல டயர்களின் ஓரத்தில் சின்ன முக்கோணம் ஒன்று இருக்கும். சாக்பீஸ் அதன் நுனி வரை அழிந்திருந்தால் அளவு சரி. அதையும் தாண்டிப் பக்கச்சுவரில் அழிந்திருந்தால் காற்றுக் குறைவு, 0.1 ஏற்றுங்கள். நுனியைத் தொடவே இல்லை என்றால் அதிகம்.

காற்றுச் சரியாக இருந்தும் வெளி ஓரம் தேய்ந்தால் காரணம் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் நிற்கும் சாய்வு. வீட்டு வண்டியில் சக்கரம் கிட்டத்தட்ட நேராக நிற்கும். திருப்பத்தில் உடல் சாயும்போது முழுப் பாரமும் வெளி ஓரத்தில் விழும். அதை எந்தக் காற்றும் சரிக்கட்டாது. அலைன்மென்ட் கடையில் முன்பக்கம் எவ்வளவு நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது) வைக்க முடியும் என்று கேளுங்கள். ஸ்டியரிங் கையும் கவனம்: திருப்பத்துக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, வண்டி திரும்பவில்லையே என்று இன்னும் இன்னும் ஒடித்தால் டயர் அலறும். அலறலில் போவது அந்த ஓரத்து ரப்பர்தான். லேசாக முனகுகிற அளவில் நிறுத்துங்கள். மீதி ரப்பரைப் பார்க்க, டயரின் காடிக்குள் மேடாகத் தேய்மானக் கட்டை 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். நடுக் காடியில் பார்க்காமல் வெளிக் காடியில் பாருங்கள்.