வகுப்பறை வீடியோவை வைத்து ஆசிரியர்களுக்கு எப்படிப் பயிற்சி தருகிறார்கள்?

ஆசிரியர் பாடம் நடத்துவதைப் படம் பிடித்து, பிறகு அவரும் சக ஆசிரியர்களும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பேசுவதுதான் இந்தப் பயிற்சி. 1960-களிலேயே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து பார்த்தார்கள்.

ஏன் தேவை? முப்பது குழந்தைகளைச் சமாளிக்கும்போது தன்னையே கவனிக்க யாராலும் முடியாது. கல்யாண மேடையில் நின்றவருக்குப் பந்தியில் நடந்தது வீடியோவில்தானே தெரியும்?

"ஏழும் ஐந்தும் எத்தனை?" என்று கேட்கிறோம். கடைசி வரிசைச் சிறுமி விரல் மடக்கி எண்ணத் தொடங்குகிறாள். அதற்குள் முன்வரிசைப் பையன் சொல்லிவிட, 'சபாஷ்' என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். பாதி மடங்கிய அந்த விரல்கள் வீடியோவில்தான் கண்ணில் படும். எனக்கு இதுதான் இந்த முறையின் பெரிய பலன். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக 1 விநாடிதான். அதை 3 விநாடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

அப்புறம், இதைக் கண்காணிப்பு கேமரா என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். மதிப்பெண் போடவோ மேலதிகாரிக்கு அனுப்பவோ எடுக்கும் வீடியோ வேறு, ஆசிரியர் தானே பார்த்துக் கற்றுக்கொள்ள எடுக்கும் இந்த வீடியோ வேறு.