தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் புளோக் பக்கத்துச் சமூகத் தோட்டத்தின் ஓரமாக, தொண்டூழியர்கள் சேர்ந்து உள்ளூர்ச் செடிகளால் உயிர்வேலி போடப்போகிறோம். பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் நல்லதாம். காகிதப்பூவும் இட்லிப்பூவும் போதாதா? பக்கத்து வீட்டு அண்ணன் வேறு, புதர் வளர்ந்தால் பாம்பு வரும் என்கிறார். (வாசகி, தெம்பனீஸ், சிங்கப்பூர்)

பதில்: காகிதப்பூ அழகுதான், ஆனால் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, நம் பட்டாம்பூச்சிப் புழுக்கள் பெரும்பாலும் அதன் இலையைச் சீண்டுவதில்லை. இட்லிப்பூ இருக்கட்டும். அதில் ஆரஞ்சுப் பூவும் பெரிய இலையுமாக இந்த மண்ணிலேயே வளரும் வகை ஒன்று உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் செந்துடோக் என்னும் உள்ளூர்ப் புதர்ச்செடி. நல்ல வெயில் வேண்டும், வேறு பெரிதாக எதுவும் கேட்காது. அதன் ஊதாப் பூவில் கருவண்டு வந்து உட்கார்ந்து உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும், பழம் வெடித்ததும் பூங்கொத்திச் சிட்டு வந்துவிடும். சிம்போ ஆயரும் நல்ல செடிதான், ஆனால் இரண்டாள் உயரத்தைத் தாண்டிப் படரும், குறுகிய இடத்துக்கு வேண்டாம்.

நடுவது ஒரு காலை வேலை. அப்புறம் கத்தரி யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். பெட்டி மாதிரி சதுரமாக வெட்டிக்கொண்டே இருந்தால் மொட்டெல்லாம் குப்பைக்குப் போய்விடும், பூ இல்லையென்றால் பழம் ஏது, சிட்டு எதற்கு வரும்? அதனால் நகர மன்றத்திடம் நடுவதற்கு அனுமதி கேட்கும்போதே, புல்வெட்ட வருகிறவர்கள் இதில் கைவைக்காமல் இருக்கவும் சொல்லிவையுங்கள். இலையில் ஓட்டை தெரிந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். வீட்டுக் கருவேப்பிலைத் தொட்டியில் பச்சைப் புழு பார்த்திருப்பீர்களே, அதுதான் பின்னால் கறுப்புப் பட்டாம்பூச்சியாகப் பறக்கிறது.

சரி, பாம்பு. அது எலியைத் தேடி வரும், எலி மிச்சச் சோற்றைத் தேடி வரும். மலைப்பாம்பு நம் கால்வாய்களில் ஏற்கெனவே இருக்கிறது, உங்கள் வேலிக்காகக் காத்திருக்கவில்லை. செடியடியில் யாரும் சோறு கொட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். எனக்குப் பயம் கொசுதான்! யாரோ வீசிய பிளாஸ்டிக் கோப்பையில் கொஞ்சம் மழைத்தண்ணீர் தேங்கினாலே டெங்கிக் கொசு முட்டையிட்டுவிடும். வாரம் ஒருமுறையாவது குனிந்து அடியில் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணனைக் கேட்டுப் பாருங்களேன், புதரில் ஏற்கெனவே ஒரு கண் வைத்திருக்கிறார்.