கடைசிப் பகுதிக்கு நேரம் போதவில்லை

கேள்வி: எஸ்.பி.எம். (மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) ஆங்கில இரண்டாம் தாளில் என் மகன் மூன்றாம் பகுதியை முடிப்பதே இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மொத்தம் 90 நிமிடம்; மூன்று பகுதிக்கும் தலா 20 மதிப்பெண். முதல் பகுதியில் நண்பருக்கு எழுதும் 80 சொல் பதில் மின்னஞ்சலுக்கே அரை மணி போனால் மூன்றாம் பகுதி அரைகுறைதான். 15, 30, 40 என்று நிமிடங்களைப் பிரித்து, மீதி ஐந்தில் திருத்தட்டும். வினாவில் தரப்படும் மின்னஞ்சலில் நண்பர் கேட்டவற்றைப் பென்சிலால் வட்டமிடட்டும். ஒன்று விடுபட்டாலும் உள்ளடக்க மதிப்பெண் குறையும்.

மூன்றாம் பகுதிக்கு 200 முதல் 250 சொல். நூல் விமர்சனம் என்றால் பலர் கதையைச் சொல்லியே தாளை நிரப்புகிறார்கள். கதைக்கு மூன்று வரி தாராளம். ‘நாயகன் துணிச்சலானவன்’ என்று நிறுத்தினால் அது வெறும் பாராட்டு. எந்த இடத்தில், எதை இழக்கத் துணிந்தான் என்று அடுத்த வரி சொல்ல வேண்டும். கருத்து அங்கேதான் வலுப்பெறுகிறது.