ஆறு கிலோமீட்டருக்கு ஒரு கார்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 39. ஸ்ரீரங்கத்தில் வீடு, தில்லைநகரில் வேலை. ஆபீஸ் ஆறு கிலோமீட்டர்தான் என்றாலும் காவிரிப் பாலத்து நெரிசலில் பைக் ஓட்டி ஓட்டி முதுகுவலி வந்துவிட்டது. ஜிஎஸ்டி குறைந்திருக்கிறதே, தினசரி ஓட்ட ஒரு சின்னக் கார் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். ஸ்விஃப்டா வேகன்ஆரா என்று மூன்று மாதமாகக் குழப்பம். ஸ்விஃப்ட் பார்க்க அழகு, ஓட்டவும் நன்றாக இருக்கிறது. வேகன்ஆரில் விலை குறைவு, இடம் அதிகம். எனக்கு மைலேஜ், மறுவிற்பனை, பாதுகாப்பு மூன்றும் முக்கியம். முன்பணம் என் சேமிப்பு, இஎம்ஐ நானும் மனைவியும் பாதிப் பாதி. மனைவி சமயபுரம் தாண்டி ஒரு பள்ளியில் ஆசிரியை, ஏழு வயது மகளும் அங்கேதான் படிக்கிறாள். மனைவிக்கும் லைசென்ஸ் உண்டு, கல்யாணத்துக்கு முன் அவள் அப்பாவின் ஆல்டோவை ஓட்டியிருக்கிறாள், இப்போது ஓட்டுவதில்லை. இரண்டு பேரும் வழக்கம்போல ஸ்கூட்டரில் போய்விடுவார்கள், அதனால் கார் முழுக்க என் உபயோகத்துக்குத்தான். எதை வாங்கலாம்? – பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இடம் கருதி சுருக்கிப் போட்டிருக்கிறேன். நீங்கள் அனுப்பியது நாலு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் மைலேஜ், அப்புறம் மறுவிற்பனை, அப்புறம் சிவப்பா நீலமா என்று ஒரு பத்தி. மனைவியும் மகளும் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கொஞ்சம் மேலே. தீபாவளி நெருங்கினால் இந்த மாதிரிக் கடிதங்கள் கொத்தாக வரும், எல்லாவற்றிலும் இதே இரண்டு கார், இல்லையென்றால் இதே விலையில் வேறு இரண்டு கார், "தினசரி ஓட்ட" என்று ஒரு வரி. நல்ல முடிவு, வாழ்த்துகள் என்று நான் ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இன்னும் நீங்கள் முடிவே எடுக்கவில்லையே.

முதலில் அந்த மைலேஜை முடித்துவிடுவோம். கம்பெனி சொல்லும் கணக்கில் மேனுவல் ஸ்விஃப்ட் லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர், 1.2 லிட்டர் வேகன்ஆர் 23.56. நீங்கள் ஒரு நாளைக்கு ஓட்டப்போவது போக வர 12 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 300. இரண்டு காருக்கும் மாதத்துக்கு முக்கால் லிட்டர்கூட வித்தியாசம் வரவில்லை, பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் விற்றாலும் அறுபது எழுபது ரூபாய்தான். பாலத்து நெரிசலில் இரண்டுமே சொன்னதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும், இருந்தாலும் இடைவெளி பெரிதாகிவிடாது. ஒன்றரைப் பக்கம் எழுதியது இதற்காகத்தான். வரியும் அப்படியே. 2025 செப்டம்பர் 22 முதல் 1,200 சிசி எஞ்சினுக்கும் நான்கு மீட்டர் நீளத்துக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு செஸ்ஸோடு 29 சதவீதமாக இருந்தது 18 ஆகிவிட்டது, இரண்டு காருக்கும் ஒரே சலுகை. மறுவிற்பனையிலும் இரண்டும் கெட்டிக்காரப் பிள்ளைகள். இதில் குழம்ப ஒன்றுமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "வழக்கம்போல ஸ்கூட்டரில் போய்விடுவார்கள்."

எந்த வழி, தம்பி? ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி, கொள்ளிடத்தைத் தாண்டி, நம்பர் 1 டோல்கேட்டில் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, அப்புறம் சென்னை நெடுஞ்சாலை. சென்னைக்குப் போகும் ஆம்னி பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் ஓடுகிற ரோடு. அங்கே உங்கள் மனைவி ஸ்கூட்டர் ஓட்டுகிறார், பின்னால் ஏழு வயதுப் பெண் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முதுகில் ஒரு பை. ஐப்பசி கார்த்திகை மழையிலும் அப்படித்தான், ஏப்ரல் வெயிலிலும் அப்படித்தான். நீங்கள் அதே நேரத்தில் எதிர்த்திசையில் ஆறு கிலோமீட்டர், ஊருக்குள், முப்பதைத் தாண்ட முடியாத ரோட்டில், ஏசி போட்டுக்கொண்டு, தனியாக, ஆறு ஏர்பேக்குக்கு நடுவே. இதைத்தான் "பாதுகாப்பு முக்கியம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய பாதுகாப்பு?

மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 கணக்கில் நாடு முழுக்க சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் நம் தமிழ்நாட்டுக்கு. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. நாலு பக்கத்தில் டிக்கி 265 லிட்டரா 341 லிட்டரா என்பதுவரை தேடி எடுத்து எழுதியவருக்கு இந்தக் கணக்கு கண்ணில் படவில்லையே என்ற கோபத்தில் எழுதுகிறேன். இன்னொன்று, மகளுக்கு ஹெல்மெட் உண்டா? நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும் சட்டப்படி கட்டாயம். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அதனால் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். கார் வரும்போது வரட்டும், இன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது குழந்தை அளவில் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.

அடுத்து, "இப்போது ஓட்டுவதில்லை" என்கிறீர்கள். ஏன் என்று எழுதவில்லை. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் ஆல்டோவை ஓட்டிய பெண், தினமும் நெடுஞ்சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண், காரைக் கண்டால் நடுங்குவாளா? எனக்கு வருகிற கடிதங்களை வைத்துச் சொல்கிறேன், பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று, புகுந்த வீட்டில் காரே இல்லை, ஓட்ட என்ன இருக்கிறது? இரண்டு, யாரோ எப்போதோ ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் "நீ தள்ளு, நான் ஓட்டுறேன், நேரமாச்சு" என்று சொல்லியிருப்பார்கள், அதோடு சரி. உங்கள் வீட்டில் எது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டீர்களா? மூன்று மாதமாக யூடியூபில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் அபிப்பிராயம் கேட்டிருக்கிறீர்கள். இஎம்ஐயில் பாதி கட்டப்போகிறவரின் அபிப்பிராயம் என்ன என்று நாலு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

நான் சமத்துவப் பிரசங்கம் செய்கிறவள் இல்லை, இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அது தெரியும், அதற்காக என்னைத் திட்டி எழுதுகிறவர்களும் உண்டு. நான் பழைய காலத்து ஆள். வீட்டிலிருக்கும் நல்ல பொருள் முதலில் குழந்தைக்கும், குழந்தையைச் சுமக்கிறவளுக்கும் போக வேண்டும், மிச்சம் இருந்தால் ஆண்பிள்ளைக்கு என்றுதான் எங்கள் வீட்டில் பழக்கினார்கள். குடும்பத் தலைவன் என்று ரேஷன் கார்டில் போட்டுக்கொண்டால் மட்டும் போதாது, மழையில் நனைவது யார் என்ற கேள்வி வரும்போது முதலில் கை தூக்க வேண்டும். முதுகுவலி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பைக்கின் சீட்டையும் ஷாக் அப்சார்பரையும் பார்க்கச் சொல்லுங்கள், டாக்டரையும் பாருங்கள், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வழியாக டவுன் பஸ் ஓடுகிறது, ஏறி உட்காருங்கள். உங்கள் மனைவி ஒரு நாளைக்கு உங்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓட்டுகிறார், போன இடத்தில் நின்றுகொண்டே பாடம் நடத்துகிறார். அவருக்கும் முதுகு இருக்கிறது. சொல்லவில்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தமா?

அடுத்து நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்பதும் தெரியும். "அக்கா, ஹைவேஸில் அவள் கார் ஓட்டினால் எனக்குப் பயமாக இருக்கும்." ஸ்கூட்டரில் போகும்போது வராத பயம் நாலு சக்கரமும் சீட் பெல்ட்டும் வந்ததும் வருகிறது என்றால், அந்தப் பயம் மனைவிக்காகவா, புது பெயின்ட்டுக்காகவா?

சரி, கார். எதை வாங்குவது என்று கேட்டீர்கள், அதற்கும் பதில் சொல்கிறேன். ஆறு கிலோமீட்டர் ஆபீஸுக்கு என்றால் இரண்டும் வேண்டாம், அந்த இஎம்ஐயை மகள் பேரில் போடுங்கள். மனைவி ஓட்டுவதற்கு என்றால், ஸ்விஃப்ட்.

உடனே சந்தோஷப்பட வேண்டாம், காரணம் வேறு. வேகன்ஆர் குறை சொல்லக்கூடிய வண்டி இல்லை. உயரம் 1,675 மில்லிமீட்டர், ஸ்விஃப்டைவிட அரை அடி அதிகம், நிமிர்ந்து உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கலாம், அகலம் பதினொன்றரை சென்டிமீட்டர் குறைவு என்பதால் ஸ்ரீரங்கத்துச் சந்துகளில் நுழைத்து எடுப்பது சுலபம். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒடுங்கலாக, உயரமாக, எடை குறைவாக இருக்கிற வண்டி நெடுஞ்சாலையில் பக்கத்தில் ஒரு பஸ் வேகமாகக் கடந்தால் கொஞ்சம் ஆடிவிடும். ஸ்விஃப்ட் தாழ்வு, அகலம் அதிகம், ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். 2024 மே மாதம் வந்த இப்போதைய மாடலில் விலை குறைந்த வேரியன்ட்டிலேயே ஈஎஸ்பி உண்டு. மழையில் திடீரென்று வளைத்தாலோ பிரேக் மிதித்தாலோ வண்டி சறுக்கிச் சுற்றாமல் பிடித்துக்கொள்கிற ஏற்பாடு அது, அலாய் வீலைவிட அதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

பாதுகாப்பு என்ற பேச்சை நீங்கள்தான் எடுத்தீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2022-இல் பழைய ஸ்விஃப்டுக்கும் 2023-இல் வேகன்ஆருக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். அப்போது இரண்டிலும் இரண்டு ஏர்பேக், இப்போது ஆறு, ஸ்விஃப்ட் தலைமுறையே மாறிவிட்டது, ஆகவே அந்த மார்க்கை அப்படியே இன்றைய வண்டிக்குப் போட முடியாது. இருந்தாலும் பட்டியலை இரண்டோடு நிறுத்த வேண்டுமா? டாடா பஞ்ச் 2021-இலேயே அதே அமைப்பின் அப்போதைய சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. நீளம் நான்கு மீட்டருக்குள்தான், உட்காரும் உயரம் வேகன்ஆர் மாதிரி, கதவு அகலமாகத் திறக்கும். அதையும் மனைவியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதை எடுத்தாலும் ஏஎம்டி, அதாவது கியர் தானாக மாறுகிற வகையாக எடுங்கள், மாருதியில் ஏஜிஎஸ் என்பார்கள். கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை. பல வருஷம் விட்டுப்போன கைக்கு நம்பர் 1 டோல்கேட் நெரிசலில் கிளட்சும் கியருமாகப் போராட வேண்டாம். கியர் மாறும்போது லேசாக ஒரு குலுக்கல் தெரியும், ஒரு வாரத்தில் பழகிவிடும். கூடுதலாக ஐம்பதாயிரத்தை ஒட்டி ஆகும், சன்ரூஃப், பெரிய ஸ்கிரீன் என்று ஷோரூமில் இழுப்பார்கள், அதை வெட்டி இதில் போடுங்கள். மகள் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும், கீழே ஒரு பூஸ்டர் சீட் வைத்து. இல்லாவிட்டால் ஏழு வயதுக் குழந்தைக்குப் பெல்ட் கழுத்தில் உரசும்.

அப்புறம், ஆர்சி. வண்டியை மனைவி பேரில் பதிவு செய்யுங்கள். சென்டிமென்ட்டுக்காகச் சொல்லவில்லை. இன்ஷூரன்ஸில் 15 லட்சத்துக்கு ஒரு கட்டாய விபத்துக் காப்பீடு வரும், அது பதிவு பெற்ற உரிமையாளருக்கு மட்டும்தான். வண்டி உங்கள் பேரில் இருந்து அவர் ஓட்டினால் அந்தக் காப்பீடு அவரைத் தொடாது, தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். கடனில் நீங்கள் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போடலாம், பேங்குக்கு அது போதும்.

பழைய கை என்றாலும் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பத்துப் பதினைந்து நாள் போய்வரட்டும், காலையில் ஆறு மணிக்கு, அவருடைய பள்ளி வழியிலேயே. சொல்லிக்கொடுக்கிறேன் என்று நீங்கள் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டாம். கணவன் கற்றுக்கொடுத்து முடித்த டிரைவிங்கைவிட சண்டையில் முடிந்த டிரைவிங்தான் எனக்குக் கடிதமாக அதிகம் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் மகளை எழுப்பிக் கிளப்பி, டிபன் பாக்ஸ் கட்டி வையுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு அவருக்குப் பள்ளி இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், ஓட்டுநர் சீட்டில் அவர், பின்னால் நீங்களும் மகளும். ஷோரூம் பையன் வழக்கப்படி உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவான். "மேடத்திடம் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் வேகன்ஆர்தான் வேண்டும் என்றால் வேகன்ஆர். நான் ஸ்விஃப்ட் என்றேன் என்று இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய் நீட்டக் கூடாது.